சுத்தியின் வலது கை

பட்டறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சுத்தி என்பார்கள். சுத்தியல் என்பதன் சுருக்கம். அலுமினிய ஜன்னல்களும் கதவுகளும் செய்கிற பட்டறை அது. சட்டத்துக்குள் கண்ணாடியை உட்காரவைத்து, சுற்றிலும் ரப்பர் பட்டையைத் திணித்து இறுக்குவது அவளுடைய வேலை. மற்றவர்கள் ரப்பர் தலை வைத்த சுத்தியலை எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தட்டி இறக்குவார்கள். அவள் அதைத் தொடமாட்டாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், சுண்டுவிரல் பக்கத்து மேட்டால், ஒரு போடு போடுவாள். தப்பென்று சத்தம் வரும், பட்டை போய் உட்கார்ந்துவிடும். அவள் கை பட்டு ஒரு கண்ணாடி கீறல் விட்டதாகச் சரித்திரம் கிடையாது.

"சுத்தியலால அடிச்சா கண்ணாடி எங்க பிடிக்குது, எங்க தளருதுன்னு தெரியாது. கையால அடிச்சா கையே சொல்லிரும்" என்பாள்.

அந்த மேட்டில் தோல் காய்த்துப் போயிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஜன்னல் வாங்க வருகிறவர்களை முதலாளி அவளுடைய மேசைக்கு அழைத்துவருவார். "எல்லாப் பட்டறையிலயும் சுத்தியல் ஆணியில தொங்கும். எங்க பட்டறையில மட்டும்தான் சுத்தியல் சம்பளம் வாங்குது" என்று சொல்லி, அவரே முதலில் சிரிப்பார். எத்தனையாவது தடவை கேட்டாலும் அவளும் சிரித்துவைப்பாள்.

வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அண்ணி முன் அறையில் தையல் கடை வைத்திருந்தாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். கத்தரிக்கோல் எப்படியோ, வாய் அதைவிடக் கூர்மை. சமையல் அண்ணிக்கு, பாத்திரம் கழுவுவது இவளுக்கு என்று ஒப்பந்தம். இரண்டு பேருக்கும் பெரிய பகையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள்.

குளிர் ஆரம்பித்தபோதுதான் கையில் ஏதோ சரியில்லை என்று சுத்திக்குப் பட்டது. காலையில் குழாயைத் திறந்து பாத்திரத்தில் கை வைத்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். வெறும் மரமரப்பு இல்லை. இரண்டு விரலும் மெழுகுவத்தி போல வெளுத்துவிடும். பிறகு நீலம் பாயும். கொஞ்ச நேரம் கழித்துச் சுள்ளென்று வலியோடு நிறம் திரும்பும். ஒரு தட்டு கை நழுவி விழுந்தது. அப்புறம் ஒரு கிண்ணம்.

"பாத்திரத்தைப் பார்த்தாலே உனக்கு விரல் மரத்துப்போகும் போல. அந்தப் பாழாப்போன ஜன்னலைப் பார்த்தா மரத்துப் போறதில்லையே" என்றாள் அண்ணி.

சுத்திக்கே அது சரியாகத்தான் பட்டது. பட்டறையில் அடிக்கும்போது கை சூடாகத்தான் இருந்தது. அடித்து முடித்த பிறகு உள்ளங்கையின் அடியில் ஒரு குடைச்சல் இருக்கும். வேலை செய்கிற கைக்கு வலி இல்லாமல் இருக்குமா என்று விட்டுவிட்டாள். வீட்டில் அண்ணி இஸ்திரி போட்டு அடுக்கிவைத்த துணிகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் வலது கையை நுழைத்துவைப்பாள். அந்தச் சூடு விரல்களுக்கு இதமாக இருந்தது. ஒருநாள் அண்ணி பார்த்துவிட்டு, "மடிச்ச துணியில என்ன துழாவுற? உன் சட்டை அதுல இல்லை" என்றாள்.

தெருமுனை மருத்துவர் சர்க்கரை பார்த்தார். இல்லை. நரம்பு பலவீனம் என்று சிவப்பு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்தை எட்டு வடிவத்தில் சுழற்றச் சொன்னார். பட்டறையில் அவள் கழுத்தைச் சுழற்றுவதைப் பார்த்துப் பூட்டுக்காரர், "சுத்தி இப்ப தானாவே சுத்த ஆரம்பிச்சுட்டா" என்றார். கதவுகளுக்குப் பூட்டும் கைப்பிடியும் பொருத்துகிற பெரியவர் அவர். அவருக்கு அந்தப் பட்டறையில் இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அடுத்தவரைக் கேலி பேசுவது.

அப்புறம் மோதிர விரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக இரண்டு கோடுகள் தெரிந்தன. அலுமினியச் சிராய் ஏறிவிட்டது என்று நினைத்து, அண்ணியின் ஊசியை எடுத்துவந்து வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து குத்தி எடுக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. விரல் நுனி கன்றிப்போயிருந்தது. ஊசி பட்டதும் உயிர் போகிற மாதிரி வலித்தது.

அண்ணி வந்து ஊசியைப் பிடுங்கினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். இடது கை வெதுவெதுப்பாகவும் சிவப்பாகவும் இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் அதே மாதிரி. கடைசி இரண்டு விரல்கள் மட்டும் குளிர்ந்து, சாம்பல் பூத்து, வேறு யாருடையவோ போல் இருந்தன.

"இது எத்தனை நாளா?"

"குளிர் வந்ததுலேர்ந்து."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே அண்ணி. மரத்துப்போகுதுன்னு."

அண்ணி எழுந்து போய்க் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து, அதோடேயே சுத்தியைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

பெரிய மருத்துவமனையில் ரத்தக்குழாய்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற ஒல்லியான பெண். சுத்தியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

சுத்தி சொன்னாள். ஜன்னல், கண்ணாடி, ரப்பர் பட்டை. கையாலேயே அடித்து உட்காரவைப்பது. இந்த இடத்தில் அவள் குரல் தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. "என்னைப் பட்டறையில சுத்தின்னுதாங்க கூப்பிடுவாங்க."

எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் நிறுத்தினார். "எந்த இடத்தால அடிப்பீங்க? காட்டுங்க."

அவள் காட்டினாள். மருத்துவர் அந்த மேட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். சுத்தி நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள்.

"கையை இறுக்கி மூடுங்க. இன்னும் இறுக்கி." மருத்துவர் அவள் மணிக்கட்டை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்தார். ஒரு விரல் கட்டைவிரல் பக்கம், ஒரு விரல் சுண்டுவிரல் பக்கம். "இப்ப மெதுவா திறங்க."

உள்ளங்கை முழுக்க வெளுத்திருந்தது. "இப்ப பாருங்க" என்று கட்டைவிரல் பக்கத்துப் பிடியை விட்டார். கட்டைவிரல் சிவந்தது. ஆட்காட்டி விரல், நடுவிரல், உள்ளங்கையில் பாதி என்று சிவப்பு பரவிக்கொண்டே வந்தது. மோதிர விரலின் அருகில் வந்து நின்றுவிட்டது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது அந்த எல்லையைத் தாண்டவில்லை. மறுபடி இரண்டு பக்கமும் அமுக்கி, இந்தத் தடவை சுண்டுவிரல் பக்கத்துப் பிடியை விட்டார். எங்கேயும் எதுவும் மாறவில்லை. கை வெளுத்தபடியே கிடந்தது.

அண்ணி தன் கையை மூடி, தானே மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். கணினித் திரையில் சுத்தி தன் கையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். எலும்புகளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் ஓடின.

"கைக்கு ரத்தம் கொண்டுவர்றது முக்கியமா ரெண்டு குழாய்" என்றார் மருத்துவர். "ஒண்ணு கட்டைவிரல் பக்கம். நாடி பிடிச்சுப் பார்ப்பாங்களே, அது. இன்னொண்ணு சுண்டுவிரல் பக்கம். ரெண்டும் உள்ளங்கைக்குள்ள வளைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கும். அந்த வளைவுலேர்ந்துதான் ஒவ்வொரு விரலுக்கும் ரெண்டு பக்கமும் கிளை போகுது. ஒரு குழாய் அடைச்சாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான்."

"எனக்கு?"

"உங்களுக்கு அந்த வளைவு பாதியிலயே நிக்குது. பிறவியிலயே சில பேருக்கு அப்படி இருக்கும். அது நோய் இல்லை. ஆனா உங்க கடைசி ரெண்டு விரலும் சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை மட்டுமே நம்பியிருக்கு." விரலைத் திரையில் வைத்தார். மணிக்கட்டைத் தாண்டியதும் அந்தக் கோடு திருகாணிபோல நெளிந்து, பிறகு வெட்டினாற்போல் நின்றிருந்தது. "இந்த இடத்துல கொக்கி மாதிரி ஒரு எலும்பு இருக்கு. குழாய் அதுக்குப் பக்கத்துலயே போகுது. மேல தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் பாதுகாப்பு. நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் குழாய் எலும்புக்கும் ஜன்னலுக்கும் நடுவுல மாட்டிக்குது. உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் உறைஞ்சிருக்கு. அதுலேர்ந்து துணுக்கு பிய்ச்சுக்கிட்டுப் போய் விரல் நுனியில அடைச்சிருக்கு. நீங்க சிராய்னு நினைச்ச கறுப்புக் கோடு அதனால வந்ததுதான்."

சுத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது நானே அடிச்சு உடைச்சது."

"தெரிஞ்சு செய்யலையே."

"சுத்தின்னு பேர் வாங்கினது இதை உடைக்கத்தானா?"

மருத்துவர் தலையிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அறுவை சிகிச்சை வேண்டும், தள்ளிப்போட்டால் விரல் தங்காது என்பதைச் சொன்னார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதே" என்றாள்.

"எதைன்னு வச்சுக்கிறது அண்ணி? நிறைய இருக்கே."

அண்ணி திரும்பி முறைத்தாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுத்திக்கு அழுகையும் வந்தது.

சிகிச்சையன்று தோளுக்குக் கீழே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அவள் விழித்தே இருந்தாள். முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி தொங்கியது. அந்தப் பக்கம் தன் கை இருக்கிறது என்பதே அவளுக்கு நம்பிக்கைக்குரிய செய்தியாக இல்லை. மருத்துவர் பேசிக்கொண்டே வேலை செய்தார். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, முழங்கைக்குக் கீழேயிருந்து ஒரு நாளத்தை எடுத்து அங்கே ஒட்டுப்போடப் போகிறோம் என்றார்.

"அங்கேர்ந்து எடுத்தா அந்த இடத்துக்கு என்ன பண்றது?" என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோற குழாய் நிறைய இருக்கு. ஒண்ணு குறைஞ்சா மத்தது பார்த்துக்கும். ஆனா இதை அப்படியே வைக்க முடியாது. உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு, ஒரு பக்கமாத்தான் திறக்கும். அதனால தலைகீழாத் திருப்பி வச்சுத் தைக்கணும்."

"கதவைத் தப்பா மாட்டிட்டீங்கன்னா?"

"மாட்டமாட்டோம்" என்றார் மருத்துவர். "பேசாம இருங்க. இந்த நூல் முடியைவிட மெல்லிசு."

அதற்குப் பிறகு அவள் மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டாள். பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் தையல் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கவ்வியை எடுத்தார்கள். செவிலியர் ஒருவர் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சுண்டு விரல் சிவந்திருச்சும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மோதிர விரலும் வருது. மெதுவா வருது" என்றார்.

வார்டில் அவ்வப்போது செவிலியர் வந்து, பேனா போன்ற ஒரு கருவியைப் பசை தடவி விரல் ஓரத்தில் வைப்பார். அதிலிருந்து உஷ், உஷ் என்று சத்தம் வரும். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம். முதல் தடவை அதைக் கேட்டபோது அண்ணி கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு செவிலியர் வரத் தாமதமானால் தாழ்வாரத்துக்குப் போய் அழைத்துவந்தாள். "ஒரு தடவை வச்சுப் பாருங்களேன். ஓடுதான்னு தெரிஞ்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்கள் வலது கைக்கு வேலை இல்லை. அண்ணிதான் தலை பின்னிவிட்டாள். இறுக்கமாகப் பின்னுகிறாள் என்று இவளும், முடி வைக்கோல் மாதிரி இருக்கிறது என்று அவளும் குறை சொல்லிக்கொண்டார்கள். மோதிர விரல் நுனியில் கறுத்துப்போன இடம் காய்ந்து, பொருக்காகி, ஒருநாள் சட்டையில் மாட்டிக் கழன்றுவிட்டது. விரல் தங்கிவிட்டது. நுனி மட்டும் கொஞ்சம் குட்டை, நகம் கொஞ்சம் கோணல்.

பட்டறைக்குத் திரும்பியபோது அவளுடைய மேசையில் முதலாளி புதிதாக ஒரு வெள்ளை ரப்பர் சுத்தியல் வாங்கி வைத்திருந்தார். அவள் அதை எடுத்து அடித்த முதல் நாளிலேயே ஒரு கண்ணாடி பளாரென்று மூலைக்கு மூலை விரிந்தது. எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதில் ரத்தம் ஏறியது. முதலாளி தானே துடைப்பத்தை எடுத்துவந்து துண்டுகளைக் கூட்டினார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. சுத்தியல் வழியாக எதுவும் கைக்கு வந்து சேரவில்லை. கண்ணாடி எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று குருடி மாதிரி ஊகித்தாள். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் அவளைவிட வேகமாக மாட்டினார்கள்.

ஒரு பெரிய கட்டடத்துக்கான ஜன்னல்களை அவசரமாக முடிக்க வேண்டியிருந்த ஒரு மதியம், அவள் யோசிக்கவே இல்லை. இடது கையை ஓங்கி உள்ளங்கையின் அடியால் ஒரு போடு போட்டாள். தப். பட்டை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இன்னொன்று. தப். உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. ஒரு சட்டம் முழுவதையும் அப்படியே முடித்தாள். முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, இடது கையை இறுக்கி மூடி, வலது கை விரல்களால் மணிக்கட்டின் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்து, திறந்து, ஒரு பக்கம் விட்டாள். ஐந்து விரலும் சிவந்தன. மறுபடி அமுக்கி, மறு பக்கத்தை விட்டுப் பார்த்தாள். அப்போதும் ஐந்தும் சிவந்தன. மூச்சு வந்தது.

"என்ன பண்ற, ஜோசியமா?" என்றார் பூட்டுக்காரர்.

"உங்க கையைக் கொடுங்க, உங்களுக்கும் பார்க்கறேன்" என்றாள்.

அவர் பேச்சை மாற்றினார். மற்றவர்கள் வேடிக்கையாக வந்து கையை நீட்டினார்கள். அறுப்பு இயந்திரக்காரர், துளை போடுகிறவர், முதலாளி எல்லோருக்கும் அமுக்கி விட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் சிவந்தது. பூட்டுக்காரர் மட்டும் வேலை இருக்கிறதென்று தள்ளிப் போனார். அவர் பூட்டுக் கூட்டைக் கதவுக்குள் உள்ளங்கையால் குத்தித்தான் இறக்குவார் என்பதும், இந்தக் குளிரில் வலது கைக்கு மட்டும் உறை போட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிட்டுக் கை கழுவி மறுபடி உறையை மாட்டிக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் உட்கார்ந்தாள். "பெரியவரே, உறையைக் கழற்றுங்க."

"அது வயசும்மா. வயசானா கை குளிரத்தான் செய்யும்."

"வயசு வலது கைக்கு மட்டுமா ஆச்சு? இடது கை இன்னும் சின்னப் பிள்ளையா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் உறையைக் கழற்றிக் கையை நீட்டினார். அவள் அமுக்கினாள், சுண்டுவிரல் பக்கத்தை விட்டாள். நிறம் வந்தது, ஆனால் வருவதா வேண்டாமா என்று யோசித்து வருகிற மாதிரி வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நல்லதா கெட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு இதுக்கு மேல தெரியாது. ஆனா ஒரு தடவை காட்டிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்தார். விஷயம் அண்ணி காதுக்குப் போனது. அண்ணி ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்று, "இவளைக் கூட்டிட்டுப் போகத்தான் நான் லேட் பண்ணிட்டேன். உங்களையும் லேட் பண்ண விடமாட்டேன். கிளம்புங்க" என்றாள். ஊரையே கேலி பேசுகிற மனிதர் அந்த வாய்க்கு முன்னால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார்.

அவருக்குக் குழாய் புடைத்திருந்தது, அடைக்கவில்லை. கத்தி வைக்க வேண்டியதில்லை, மாத்திரை போதும் என்றார் மருத்துவர். கையால் குத்துவதையும் சிகரெட்டையும் அன்றே நிறுத்தவேண்டும். முதலாவதை அவர் மன்னித்தார். இரண்டாவதை மன்னிக்கவில்லை. "கையைக் காட்டப் போய் வாய் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வெகுநாள் சுத்தியோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். மாத்திரையை மட்டும் தவறாமல் சாப்பிட்டார்.

இடது கையால் அடித்ததைச் சுத்தி முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாள். "அந்த மேசையில நான் இருந்தா மறுபடியும் அடிப்பேன். என்னால நிறுத்த முடியாது. வேற வேலை கொடுங்க" என்றாள். முதலாளி தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். வீடுகளுக்குப் போய் ஜன்னலுக்கு அளவெடுக்கிறவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த வேலை அவளுக்கு வந்தது. முதலில் பிடிக்கவில்லை. யாருடைய வீட்டிலோ போய் நின்று, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. போகப்போகப் பழகியது. சுவர் எங்கே கோணல், ஜன்னல் எங்கே மழைத் தண்ணீரை உள்ளே விடும் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதை ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் இப்போதும் குளிர் ஆகாது. ஆண்டு முழுக்க வலது கையில் கம்பளி உறை போட்டுக்கொள்கிறாள். சென்ற வாரம் ஒரு மாடி வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் கேட்டார்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்கும்மா உறை?"

"இந்தக் கையில ஒரு குழாய் மாத்தியிருக்குங்க. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

அந்த அம்மாள் பாதிதான் காதில் வாங்கியிருந்தார் போலிருக்கிறது. "குழாய் வேலையும் தெரியுமா? எங்க சமையலறையில ஒண்ணு ஒழுகிட்டே இருக்கு, போறதுக்குள்ள கொஞ்சம் பார்த்துட்டுப் போயேன்" என்றார்.

"அதுக்கு வேற ஆள் வரணுங்க" என்று சொல்லிவிட்டு, சுத்தி ஜன்னலின் அகலத்தை மறுபடி ஒருமுறை அளந்தாள்.